எஸ்.பி.எம். முடிவும் தோட்டத்துப் பிள்ளைகளும்

எஸ்.பி.எம். பரீட்சை முடிவு வெளிவரும் நாளில் நம் குடும்பங்களில் இரண்டே கேள்விகள் எழுகின்றன. "எத்தனை ஏ?" என்பது ஒன்று. "பாஸா, பெயிலா?" என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை தெரிந்ததும் காரியம் முடிந்துவிட்டதென்று நாம் இருந்து விடுகிறோம். எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கிய பிள்ளையின் படம் பத்திரிகையில் வருகிறது. கோயிலில் மாலை விழுகிறது. பெயிலான பிள்ளை மூலையில் உட்கார்ந்து அழுகிறது. இவ்விருவருக்கும் நடுவில் நிற்கும் பெருங்கூட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்தப் பெருங்கூட்டம்தான் நம் பிள்ளைகள். ஆகவே அவர்களைப் பற்றியே இன்று எழுத முன்வந்தோம்.

கணக்கைப் பார்ப்போம். 2024ஆம் ஆண்டு எஸ்.பி.எம். பரீட்சையில் எல்லாப் பாடங்களிலும் ஏ பெற்றவர்கள் நாடு முழுவதிலும் 14,179 பேர். எழுதியவர்களில் இவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. மீதமுள்ள தொண்ணூற்றாறு பேருக்கு வழி இல்லையா? உண்டு. ஆனால் அந்த வழி எது, அதற்கு எந்தப் பாடத்தில் எவ்வளவு வாங்கியிருக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற மூன்றும் பால்மரம் வெட்டப் போகும் தாய் தகப்பனுக்குத் தெரிவதில்லை. தெரியாத காரணத்தால் மூன்று கிரெடிட் வாங்கிய பிள்ளையும், ஐந்து கிரெடிட் வாங்கிய பிள்ளையும், ஒன்றுமே வாங்காத பிள்ளையும் ஒரே தொழிற்சாலை வாசலில் போய் நிற்கிறார்கள். இதுதான் நம்மை வருத்துகிறது.

தெப்ராவின் நிலை

நமது தெப்ராவை எடுத்துக்கொள்வோம். மவுண்ட் ஆஸ்டின் என்றால் இன்று கடைத் தொகுதிகளும் அடுக்கு வீடுகளும்தான் நினைவுக்கு வரும். அது ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டத்தின் பெயர். தெப்ராவ் ஆற்றை ஒட்டிய நிலமெல்லாம் பால் சுரந்த நிலம். மரங்கள் போயின, லயங்கள் போயின, மனிதர்கள் பலர் குறைந்த வாடகை வீடுகளிலும், எஞ்சிய தோட்டங்களிலும், கூலாய், கோத்தா திங்கிப் பக்கங்களிலும் சிதறிக் கிடக்கிறோம். தோட்டத்தைவிட்டு வந்த தொழிலாளியின் மகனுக்குத் தோட்ட வேலையும் இல்லை. பட்டண வேலைக்கு வேண்டிய படிப்பும் இல்லை. இந்த இரண்டு இல்லைகளுக்கும் நடுவில் ஒரு பெரிய ஆசை நிற்கிறது. அதன் பெயர் சிங்கப்பூர்.

விடியுமுன்பே ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் தெப்ராவ் நெடுஞ்சாலை வழியாகக் காஸ்வேயை நோக்கிப் பறக்கின்றன. அக்கரையில் வாங்கும் ஒரு வெள்ளி இக்கரையில் ஏறத்தாழ மூன்று வெள்ளி. பதினெட்டு வயது நிரம்பிய பையனுக்கு இதைவிடப் பெரிய பாடம் எந்தப் பள்ளியிலும் இல்லை. அண்ணன் போகிறான், மாமன் போகிறான், பக்கத்து வீட்டுப் பையன் புது மோட்டார் சைக்கிள் எடுத்துவிட்டான். "நான் மட்டும் இன்னும் மூன்று வருஷம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டுமா?" என்று அவன் கேட்கிறான். அவன் கேள்வியில் நியாயம் இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். வீட்டில் கடன் இருக்கிறது, தங்கை படிக்கிறாள், தகப்பனுக்கு முழங்கால் வலி. அவன் கொண்டுவரும் பணம் அன்றைக்கே அடுப்பை எரிக்கிறது.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பால்மரம் நம் தொழில். அதைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நட்டு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்கிறோம். அடிமரச் சுற்றளவு ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டர் வந்த பிறகே கத்தி வைக்கிறோம். அவசரப்பட்டு இளமரத்தை வெட்டினால் பால் வரும்; வரத்தான் செய்யும். ஆனால் மரம் பருக்காது, பட்டை கெடும், இருபத்தைந்து வருஷம் தர வேண்டிய மரம் பாதியில் ஓய்ந்துவிடும். முதலாளியின் மரத்துக்கு நாம் காட்டும் இந்தப் பொறுமையை நம் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குக் காட்ட வேண்டாமா?

வந்த வழி

தோட்டத்துப் பிள்ளையின் படிப்பு எந்தக் காலத்திலும் தானாகக் கிடைத்ததில்லை. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. பள்ளிக்கூடம் வந்தது, ஒரு கொட்டகையும் ஒரு வாத்தியாரும் வந்தார்கள். அதற்கு மேலே ஏறப் படி இல்லை. ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போக ஒரு நுழைவுப் பரீட்சை இருந்தது. அதில் தவறியவர்கள் பன்னிரண்டு வயதிலேயே வாளி தூக்கினார்கள். 1965ஆம் ஆண்டு முதல் அந்தப் பரீட்சை நீங்கி எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம் வரை போகலாம் என்றான பிறகே கதவு சற்று அகன்றது. தமிழ்ப் பள்ளியிலிருந்து போன பிள்ளைகள் மொழி மாறியதால் புதுமுக வகுப்பில் ஒரு வருஷம் கூடுதலாக உட்கார்ந்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் மனம் தளர்ந்து நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு தோட்டமும் அறியும்.

அண்மையில் இன்னொரு மாற்றமும் வந்தது. ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். பரீட்சை 2021இல் நீக்கப்பட்டது. மூன்றாம் படிவத்தில் எழுதிய பி.டி.3 பரீட்சை 2022இல் நீக்கப்பட்டது. பிள்ளைகளின் தலைச்சுமை குறைந்தது என்று மகிழ்ந்தோம். ஆனால் இந்த மகிழ்ச்சியில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. முன்பெல்லாம் பன்னிரண்டு வயதிலும் பதினைந்து வயதிலும் அரசாங்கம் ஒரு தாளைக் கையில் கொடுத்து, "உன் பிள்ளை கணிதத்தில் பின்தங்கியிருக்கிறான்" என்று சொன்னது. அந்த இரண்டு தாளும் போன பிறகு, பிள்ளை எங்கே நிற்கிறான் என்பதைப் பல பெற்றோர் பதினேழு வயதில்தான் முதன்முதலாக அறிந்தார்கள். அப்போது அறிந்து என்ன பயன்? ஆகவே பள்ளி கொடுக்கும் தவணை அறிக்கையைக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும் காகிதமாக எண்ணாமல், ஊன்றிப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

புள்ளியும் கதவும்

இனி விஷயத்துக்கு வருவோம். எஸ்.பி.எம். தாளில் ஏ பிளஸ் முதல் ஈ வரை தேர்ச்சி. ஜி என்றால் தோல்வி. சி-யும் அதற்கு மேலும் வாங்கினால் அது கிரெடிட். டி-யும் ஈ-யும் வெறும் பாஸ். இந்தக் கிரெடிட் என்ற சொல்லில்தான் கல்லூரியின் சாவி இருக்கிறது. நம் ஆட்கள் ஏ-யை எண்ணுகிறார்கள். கல்லூரி கிரெடிட்டை எண்ணுகிறது.

முதலாவது, மலாய் மொழியும் வரலாறும். இந்த இரண்டிலும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. மலாயில் தேற வேண்டும் என்பது பழைய விதி. வரலாற்றிலும் தேற வேண்டும் என்பது 2013 முதல் வந்தது. ஏழு பாடத்தில் ஏ வாங்கி வரலாற்றில் ஜி வாங்கினால் ஏழு ஏ-யும் செல்லாக்காசு. "வரலாறு கதைதானே, கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைக்கும் பிள்ளைகள் இதை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, எண்ணிக்கை. எம்.கியூ.ஏ. எனப்படும் தகுதி முகமை வகுத்துள்ள பொதுவான குறைந்த அளவு இதுதான். சான்றிதழ்ப் படிப்புக்கு ஒரு கிரெடிட். டிப்ளமாவுக்கு மூன்று கிரெடிட். பட்டப்படிப்புக்கு முந்திய அடிப்படைப் படிப்புக்கு ஐந்து கிரெடிட். இது குறைந்த அளவு மட்டுமே. பாடத்துக்குப் பாடம், கல்லூரிக்குக் கல்லூரி கூடுதலாகக் கேட்பார்கள். ஆயினும் இந்த மூன்று எண்களை நாம் நெட்டுருப் பண்ணிக்கொள்வது நல்லது. இரண்டு கிரெடிட் வாங்கிய பிள்ளைக்கும் மூன்று வாங்கிய பிள்ளைக்கும் நடுவில் உள்ள தூரம் ஒரு பாடம்தான்; அந்த ஒரு பாடம் டிப்ளமாவின் கதவு.

மூன்றாவது, எந்தப் பாடம் என்பது. எண்ணிக்கை இருந்தும் பாடம் இல்லாமல் கதவடைபட்ட பிள்ளைகள் ஏராளம். பொறியியல் பக்கம் போக ஆசைப்படும் பிள்ளை நான்காம் படிவத்திலேயே பௌதிகமும் கூடுதல் கணிதமும் எடுத்திருக்க வேண்டும். தாதியர் படிப்புக்குக் கணிதமும் அறிவியலும் பார்ப்பார்கள். மருத்துவத்துக்கோ, ஆறாம் படிவத்தில் எவ்வளவு உயர்வாகத் தேறினாலும், எஸ்.பி.எம். அறிவியல், கணிதப் பாடங்களில் வாங்கிய பி-யையும் திருப்பிப் பார்ப்பார்கள். பதினேழு வயதில் வாங்கிய எழுத்து இருபது வயதிலும் பின்தொடர்ந்து வருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இதனால்தான் சொல்கிறோம்: நான்காம் படிவத்தில் பாடம் தேர்ந்தெடுக்கும் பாரத்தில் கையெழுத்திடும்போதே பிள்ளையின் கல்லூரிப் பாதையில் பாதியை நாம் தீர்மானித்து விடுகிறோம். அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய வேலியை 2020இல் எடுத்துவிட்டுப் பாடத் தொகுப்பு என்று மாற்றினார்கள். வேலி போனாலும் விளைவு அப்படியே இருக்கிறது. "இந்தத் தொகுப்பை எடுத்தால் பின்னால் எங்கெல்லாம் போகலாம், எங்கே போக முடியாது?" என்று பள்ளியில் வாய்விட்டுக் கேளுங்கள்.

தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஸ்.பி.எம். பரீட்சையில் பத்துப் பாடத்துக்கு மேல் எழுதக்கூடாது என்று 2009இல் அறிவிப்பு வந்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் விடுபட்டுப் போகுமே என்று நம் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதன் பிறகு பன்னிரண்டு பாடம் வரை எழுத இடம் கிடைத்தது. போராடிப் பெற்ற உரிமையைப் பிள்ளைகள் கைவிடலாகாது. அதே வேளையில், தமிழில் ஏ வாங்குகிறான் என்ற பெருமையில் கணிதத்தில் விழுவதைக் கண்டும் காணாமல் இருப்பதும் தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது.

வழி எத்தனை?

ஆறாம் படிவம் ஒரு வழி. ஒன்றரை ஆண்டு; மூன்று தவணை; எஸ்.டி.பி.எம். பரீட்சை. அரசாங்கப் பள்ளியிலேயே சிறு செலவில் படிக்கலாம்; வீட்டிலிருந்தே போய்வரலாம். தமிழும் அங்கே ஒரு பாடமாக உண்டு. கடினமான பரீட்சை என்பது உண்மைதான். ஆனால் பணமில்லாத வீட்டுப் பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த வழிகளில் இதுவே நெடுங்காலமாக நம்பத்தக்கதாக இருந்து வந்திருக்கிறது. "ஆறாம் படிவமா, அது வேறு இடம் கிடைக்காதவன் போவது" என்று இளக்காரம் பேசுவோர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

மெட்ரிகுலேசன் மற்றொரு வழி. ஓராண்டில் முடியும், தங்குமிடமும் உதவித்தொகையும் உண்டு. ஜோகூரில் தங்காக்கில் இதற்கான கல்லூரி இருக்கிறது. ஆனால் இங்கே இடம் இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: பூமிபுத்திராக்களுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு, மற்ற எல்லாருக்கும் சேர்த்துப் பத்து. 2019இல் இடங்களை 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தியபோதும் இந்த விகிதத்தைத் தொடவில்லை. 2024 ஜூன் மாதத்தில் பிரதமர் அன்வார் இப்ராஹிம், பத்து ஏ வாங்கிய எந்த இன மாணவருக்கும் மெட்ரிகுலேசனில் இடம் உண்டு என்று அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் பத்து ஏ வாங்கும் தோட்டத்துப் பிள்ளை எத்தனை பேர்? ஏழு ஏ வாங்கிய பிள்ளை எந்த அளவுகோலால் எடுக்கப்படுகிறான், எந்த அளவுகோலால் விடப்படுகிறான் என்பதைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

பாலிடெக்னிக் மூன்றாவது வழி. 1969இல் ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக்குடன் தொடங்கிய ஏற்பாடு இது. நமக்கு அருகில், பாசிர் கூடாங்கில், இப்ராஹிம் சுல்தான் பாலிடெக்னிக் இருக்கிறது. தெப்ராவிலிருந்து பஸ் தூரம்! இதைக் கடந்து தினமும் வேலைக்குப் போகும் நம்மில் எத்தனை பேருக்கு, டிப்ளமாவுக்கு வேண்டிய கிரெடிட் வாங்கிய தன் மகன் இதற்குள் நுழையத் தகுதியுள்ளவன் என்று தெரியும்? டிப்ளமா முடித்தவன் அத்தோடு நிற்க வேண்டியதில்லை. ஸ்கூடாய் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும், பத்து பகாட் மாவட்டத்துப் பாரிட் ராஜாவில் உள்ள துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகத்திலும் பட்டப்படிப்புக்கு மனுச் செய்யலாம். சுற்றுவழிதான், ஆனால் சேருமிடம் ஒன்றே.

சமூகக் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் நான்காவது வழி. 2001 முதல் நடக்கும் சமூகக் கல்லூரிகளில் குறைந்த புள்ளி உள்ளவர்களுக்கும் இடம் உண்டு. எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் ஒன்று முதல் மூன்று நிலை வரை. நான்காவது நிலை டிப்ளமா. ஐந்தாவது நிலை உயர் டிப்ளமா. பற்றவைப்பவன், மின்கம்பி போடுபவன், குளிரூட்டி பழுது பார்ப்பவன் கையில் இந்தச் சான்றிதழ் இருந்தால் அவன் கூலியாள் அல்ல, தொழில் வல்லவன். சிங்கப்பூருக்கே போனாலும் வெறுங்கையோடு போகிறவனுக்கும் திறனோடு போகிறவனுக்கும் சம்பளத்தில் உள்ள வித்தியாசத்தை அங்கே போய்வருகிறவர்களிடமே கேட்டுப் பாருங்கள். 2025 ஜனவரியில் ஜோகூர், சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு ஒப்பந்தம் ஆயிற்று. வேலை இக்கரைக்கே வரப்போகிறது என்கிறார்கள். வரும் வேலை கைத்திறன் கேட்கும் வேலை. அதைச் செய்ய நம் பிள்ளைகள் இருப்பார்களா, அல்லது அந்தத் தொழிற்சாலையின் வாசலில் காவல் நிற்பார்களா?

மலாய் பாடத்தில் தவறியவனுக்கும் வழி அடைபடவில்லை. மலாய், வரலாறு போன்ற பாடங்களை மறுபடி எழுதிச் சான்றிதழ் பெற ஏற்பாடு இருக்கிறது. வயது கடந்துவிட்டதே என்பவர்க்கும் ஏப்பல் என்ற முறை உண்டு. 21 வயதும் வேலை அனுபவமும் உள்ளவர் தம் அனுபவத்தையே தகுதியாகக் காட்டிப் பட்டப்படிப்பில் சேர மனுச் செய்யலாம். தோட்ட அலுவலகத்தில் பத்து வருஷம் கணக்கெழுதிய இளம் கிராணிமார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புள்ளி மட்டும் போதுமா?

பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கு ஆள் எடுக்கும்போது நூற்றுக்குத் தொண்ணூறு படிப்புக்கு. பத்துப் புறப்பாட நடவடிக்கைக்கு. சாரணர், பந்தாட்டம், பேச்சுப் போட்டி, சங்கப் பொறுப்பு இவற்றுக்கெல்லாம் கிடைக்கும் பத்து அது. நம் பிள்ளைகள் இந்தப் பத்தில் பெரும்பகுதியை எப்படி இழக்கிறார்கள் தெரியுமா? பள்ளி விட்டதும் பஸ் கிளம்பிவிடும். மாலை நடவடிக்கைக்கு நின்றால் தோட்டத்துக்குத் திரும்ப வாகனம் இல்லை. பட்டணத்துப் பிள்ளைக்குத் தகப்பன் காரோடு வந்து நிற்கிறார். பிள்ளையின் அறிவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, பஸ்ஸுக்குத்தான் சம்பந்தம். ஆகவே புள்ளி என்பது பிள்ளையின் மூளையை மட்டும் அளக்கும் கோல் என்று எவரும் வாதாட வேண்டாம். வீட்டின் வசதியையும், சாலையின் தூரத்தையும் சேர்த்தே அது அளக்கிறது.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள சங்கதியல்ல. இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் என்ற முறை வந்தபோது, ஒரே புள்ளி வாங்கிய இரு மாணவரில் ஒருவருக்குக் கதவு திறந்தது, மற்றவருக்கு அடைபட்டது. அந்தக் காயம் அந்நாட்டு அரசியலையே மாற்றியது. தமிழ்நாட்டிலோ, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நுழைவுப் பரீட்சையில் பின்தங்குவதைக் கண்டு, மருத்துவக் கல்லூரி இடங்களில் நூற்றுக்கு ஏழரை அவர்களுக்கென்று 2020இல் சட்டம் செய்தார்கள். ஒன்று கதவை அடைத்த ஏற்பாடு. மற்றது கதவைத் திறந்த ஏற்பாடு. இரண்டும் ஒன்றையே சொல்கின்றன: புள்ளியை வாங்குவது பிள்ளையின் கையில்; அந்தப் புள்ளிக்கு என்ன விலை என்பது அரசாங்கத்தின் கையில். முன்னதற்குப் படிப்பு வேண்டும். பின்னதற்குச் சங்கம் வேண்டும்.

"இட ஒதுக்கீடு இருக்கும்வரை படித்து என்ன கிழிக்கப் போகிறோம்?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அவர்கள் கோபம் நமக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கோபத்தைப் பிள்ளையின் காதில் போடாதீர்கள். ஒதுக்கீடு இல்லாத கதவுகளும் இருக்கின்றன என்பதை மேலே காட்டினோம். ஆறாம் படிவத்திலோ, பாலிடெக்னிக்கிலோ தகுதி இருந்தும் மனுச் செய்யாமல் விட்ட இடத்துக்கு எந்த அரசாங்கத்தைக் குறை சொல்வது? அநீதியை எதிர்த்துப் பேசும் உரிமை, கிடைத்த வாய்ப்பை வீணாக்காதவனுக்கே வலிமையோடு கிடைக்கிறது.

ஏமாறாதீர்

முடிவு வந்த மறுநாளே வீட்டு வாசலுக்கு வர்ணத் துண்டுப் பிரசுரத்தோடு ஆட்கள் வருவார்கள். "உங்கள் பிள்ளைக்கு எங்கள் கல்லூரியில் இடம் தயார், பணம் கவலையில்லை, பி.டி.பி.டி.என். கடன் எடுத்துத் தருகிறோம்" என்பார்கள். 1997இல் ஏற்பட்ட அந்தக் கடன் நிதி நல்ல ஏற்பாடுதான். ஏழைப் பிள்ளைகள் பலர் அதனால் பட்டதாரிகளானார்கள். ஆனால் கடன் கடன்தான். படிப்பு செல்லுபடியாகாவிட்டாலும் கடன் செல்லுபடியாகும். அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. பதிவேட்டில் உள்ளதா, முடித்தால் என்ன வேலைக்குத் தகுதி, மொத்தச் செலவு எவ்வளவு என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரத் தயங்குகிறவனிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். அரசாங்கப் பாலிடெக்னிக்கில் சிறு செலவில் முடியும் படிப்புக்குத் தனியாரிடம் பல்லாயிரம் கடன்படுவது எந்த ஊர் நியாயம்?

நாம் செய்ய வேண்டியது

துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்வெட்டும் தொழிலாளி தோட்டத்தையே வாங்க முடியும் என்று சொன்னால் சிரித்தவர்கள் உண்டு. தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. கூடிச் செய்தால் முடியும் என்பதற்கு நாம் வெளியூரில் உதாரணம் தேட வேண்டியதில்லை. அந்த முறையிலே நம் சங்கக் கிளைகளுக்கு ஐந்து யோசனைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: எஸ்.பி.எம். முடிவு வரும் வாரத்தில் ஒவ்வொரு கிளையிலும் மாலை நேரத்தில் ஒரு மேசை போட வேண்டும். ஒரு கணினி, ஓர் இணையத் தொடர்பு, விவரம் தெரிந்த இருவர் போதும். மெட்ரிகுலேசனுக்கு ஒரு மனு, யு.பி.யு.வுக்கு ஒரு மனு என்று பல ஆண்டுகளாகத் தனித்தனியே இருந்து வந்திருக்கின்றன. விதிகள் ஆண்டுக்காண்டு மாறுகின்றன. அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்து, தேதி தவறாமல் அனுப்பிக் கொடுப்பதே இந்த மேசையின் வேலை. இடம் கிடைக்காதவர்க்கு மேல்முறையீட்டு மனுவும் எழுதித் தர வேண்டும்.

இரண்டு: இந்த மேசையில் உட்கார வேண்டியவர்கள் நம் கிராணிமார்கள். செக்ரோல் எழுதும் கைக்கு இந்தப் பாரங்கள் பெரிய காரியமல்ல. அலுவலகத்துக்கும் லயத்துக்கும் நடுவில் பழங்காலத்தில் ஒரு சுவர் இருந்தது. அந்தச் சுவரை இடிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

மூன்று: பிள்ளையைக் கல்லூரியில் பதிவு செய்யும் நாளுக்குத் தாய் அல்லது தகப்பனுக்குச் சம்பளத்தோடு ஒரு நாள் விடுமுறை என்ற கோரிக்கையை அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் வைக்க வேண்டும். ஒரு நாள் பேர் போகுமே என்று அஞ்சிப் பதினெட்டு வயதுப் பெண்ணைத் தனியே பஸ்ஸேற்றி அனுப்பும் நிலை நமக்கு வேண்டாம்.

நான்கு: மாலை நடவடிக்கைக்கு நிற்கும் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேன் வசதி செய்ய வேண்டும். நிர்வாகமும், பெற்றோரும், கிளையும் செலவைப் பங்கிட்டுக்கொண்டால் யாருக்கும் பாரமில்லை. அந்தப் பத்துப் புள்ளி நம் பிள்ளைகளுக்கும் உரியது.

ஐந்து: மூன்றாம் படிவத்திலேயே பெற்றோரைக் கூட்டிப் பாடத் தேர்வைப் பற்றிப் பேச வேண்டும். மழை பெய்து பால்வெட்டு இல்லாத காலை ஒன்று போதும். ஐந்தாம் படிவத்தில் அழுவதைவிட மூன்றாம் படிவத்தில் யோசிப்பது மேல்.

தோழர்களே, 2025ஆம் ஆண்டு இந்நாட்டின் குறைந்த பட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. அதற்காகத் தொழிற்சங்கங்கள் எத்தனை ஆண்டு வாதாட வேண்டியிருந்தது என்பதை நாம் அறிவோம். சம்பளத்துக்காகச் சேர்ந்து நிற்கத் தெரிந்த நமக்குப் பிள்ளைகளின் படிப்புக்காகச் சேர்ந்து நிற்கத் தெரியாதா? பத்து ஏ வாங்கிய பிள்ளைக்கு மாலை போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அன்று மாலையே மூன்று கிரெடிட் வாங்கிய பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். "தாளை எடுத்து வா, தம்பி, எங்கெல்லாம் மனுப் போடலாம் என்று பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அவன் நாளைக்குக் காஸ்வேக்கு மோட்டார் சைக்கிள் கிளப்பப் போகிறவனாக இருக்கலாம். இன்றிரவு யாராவது அவனோடு உட்கார்ந்தால் போதும்.